கடைமடையை மறிக்கும் விஷச்செடி

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டது என்ற செய்தி பரவியதும், தஞ்சைத் தரணியின் தலைமடைக் கிராமங்களில் நாற்றங்கால் உழவும் விதைநெல் ஊறவைப்பதும் தொடங்கிவிடுகின்றன. ஆனால் கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் நகரின் ஊடே ஓடி, ஒரத்தநாட்டைக் கடந்து, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் வந்து சேரவேண்டிய புதாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து வரப்பில் நிற்கும் கடைமடைச் சம்சாரிக்கு அச்செய்தி நம்பிக்கை அளிக்குமே தவிர, நிச்சயம் அளிப்பதில்லை. அணையின் நீர்மட்டம், அண்டை மாநிலத்தின் மனோபாவம், முறைப்பாசனம், கரை உடைப்பு என்று அவருடைய கவலைக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டசபையில் வாதங்கள் நடக்கின்றன. அக்காரணங்களுள் ஒன்று மட்டும், வாய்க்காலின் உள்ளேயே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களைப் பூத்துக்கொண்டு, எல்லோர் கண்ணிலும் பட்டும் எவருடைய விசாரத்துக்கும் உரியதாகாமல் நிற்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று நம்மவர் அழைக்கும் செடிதான் அது.

இச்செடியின் உபத்திரவத்தை உள்ளபடி அறிய வேண்டுமானால், முதலில் இந்தச் சீமையின் நீர்வழியை அறிந்துகொள்ள வேண்டும். 1925ஆம் ஆண்டு தொடங்கி 1934ஆம் ஆண்டு நிறைவேறிய மேட்டூர்த் திட்டத்தின் அங்கமாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய்தான், அதுவரையில் மழையையும் ஏரிகளையும் நம்பிக் காலம் தள்ளிய பட்டுக்கோட்டைத் தாலுகாவின் மேட்டு நிலங்களுக்குக் காவிரியைக் கொண்டுவந்து சேர்த்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் புதாறு. ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரம் ஓடி, கல்யாண ஓடை, ராசாமடம் வாய்க்கால் முதலிய கிளைகளாகப் பிரிந்து, சுமார் 2.27 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும்படி அது வகுக்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் அதன் பயணம் முடிகிறது. இயற்கையான ஆறு வெள்ளக் காலத்தின் வேகத்தால் தன் படுகையைத் தானே துடைத்துக்கொள்ளும். மனிதன் கணக்குப் பார்த்து மெல்லிய சரிவில் வெட்டிய கால்வாய்க்கு அந்தச் சக்தி இல்லை. தண்ணீர் மெதுவாக ஓடும், வண்டல் படியும், ஜனவரி 28ஆம் தேதி வாக்கில் மேட்டூர் மதகு அடைபட்ட பிறகு நான்கு மாதத்துக்கு மேல் படுகை ஈரமும் வெயிலுமாகத் திறந்து கிடக்கும். ஆறு மாதம் நீரில் நிற்கவும், ஆறு மாதம் சேற்றில் காயவும் வல்ல ஒரு செடிக்கு இதைக் காட்டிலும் உகந்த ஸ்தலம் உலகில் வேறு இருக்க முடியாது.

அத்தகைய செடி அமெரிக்கக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசத்திலிருந்து வந்தது. 1760ஆம் ஆண்டு ஜாக்குவின் என்னும் தாவர சாஸ்திரி அதற்கு ஐப்போமியா கார்னியா என்று பெயர் சூட்டினார். பூவின் அழகுக்காகவும், கொம்பை ஒடித்து நட்டால் நட்ட இடத்தில் வேலியாகிவிடும் சௌகரியத்துக்காகவும் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மாடு கடிக்காத வேலி என்று ஆரம்பத்தில் அதைப் புகழ்ந்தவர்கள், மாடு ஏன் கடிக்கவில்லை என்று கேட்டிருந்தால் பல கஷ்டங்கள் அப்போதே தவிர்ந்திருக்கும்.

அடையாளம் காண்பது எளிதுதான். எனினும் பெயர்க் குழப்பத்தினால் தவறு நேர்வதும் உண்டு. ஆதியிலிருந்தே நம் ஊர்களில் காட்டாமணக்கு என்று வழங்கிய செடி வேறு; சில ஆண்டுகளுக்கு முன்பு டீசலுக்கு மாற்றாக எண்ணெய் எடுக்கலாம் என்று தரிசு நிலங்களில் நடச் சொன்னார்களே, அதுதான் அந்தக் காட்டாமணக்கு. அதன் இலை மூன்று அல்லது ஐந்து கோணமாக ஒதுங்கியிருக்கும், பூ சிறுத்து மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், காயினுள் கரிய விதைகள் இருக்கும். அதன் விதையும் விஷமே என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டார் மறக்கலாகாது. நாம் பேசும் நெய்வேலிக் காட்டாமணக்கின் இலையோ, வெற்றிலையை நீட்டியதுபோல் இதய வடிவில், நுனி கூர்ந்து, ஒரு சாண் நீளம்வரை வளரும். தண்டை ஒடித்தால் உள்ளே குழலாக இருக்கும். ஒடித்த வாயில் பால் வடியும். பூ புனல் வடிவம். வெளியே இளஞ்சிவப்பு அல்லது வெளிர் ஊதா, தொண்டையில் நிறம் சற்று ஆழம். காய்ந்த காய் வெடித்தால் பழுப்பு நிறப் பட்டு மயிர் போர்த்த விதைகள் நான்கு வெளிப்படும்.

பூவைப் பார்த்த மாத்திரத்தில் இது யாருடைய உறவு என்பது தெரிந்துவிடும். குளத்து நீரில் படர்ந்து கிடப்பதும், பெண்கள் பறித்துக் கடைந்து சமைப்பதுமான வள்ளைக்கீரை இதே குடும்பம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இதே குடும்பம். அதிராம்பட்டினம் கடற்கரையில் ஆட்டுக் குளம்பு போன்ற இலையோடு மணலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறதே, சங்கப் புலவர்களும் பாடிய அந்த அடும்புக் கொடியும் இதே குடும்பம். வள்ளைக்கீரை நீரின்மேல் கொடியாகப் படரும், தண்டு பச்சையாகவே இருக்கும், இலை சிறுத்து ஈட்டிமுனை போலிருக்கும். காட்டாமணக்கு அடியில் மரம்போல் முற்றி நிமிர்ந்து நிற்கும். இரண்டும் ஒரே குளத்தில் கலந்து வளரும் இடங்களில் இளந்தளிர் பறிப்பவர்கள் இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

இனி விஷத்துக்கு வருவோம். நம் முன்னோர் விஷச்செடிகளை நன்கு அறிந்தவர்கள். அரளி, ஊமத்தை, எருக்கு, குன்றிமணி, செங்காந்தள் ஆகிய ஒவ்வொன்றையும் எங்கே வைக்கவேண்டும், யாரிடமிருந்து மறைக்கவேண்டும் என்ற ஞானம் வீட்டுக்கு வீடு இருந்தது. அவற்றின் விஷம் விரைவில் தன் வேலையைக் காட்டிவிடும். ஆகையால் காரணத்தையும் காரியத்தையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. நெய்வேலிக் காட்டாமணக்கின் விஷம் அப்படிப்பட்டதன்று. இன்று தின்ற ஆடு இன்று சாவதில்லை, நாளையும் சாவதில்லை. பல நாள், பல வாரம் தொடர்ந்து மேய்ந்த பிறகே நோய் வெளிப்படுகிறது. அதற்குள் ஆட்டுக்காரர் மேய்ச்சல் நிலத்தை மாற்றியிருப்பார். பேதி என்றோ, பூச்சி என்றோ, பனியில் விறைத்தது என்றோ நோய்க்கு வேறு பெயர் சொல்லியிருப்பார்கள். இந்தத் தாமதமே இச்செடிக்குப் பெரிய பாதுகாப்பாக அமைந்துவிட்டது.

விஷத்தின் பெயர் ஸ்வைன்சோனின். ஆஸ்திரேலியாவில் ஸ்வைன்சோனா என்னும் செடியை மேய்ந்த கால்நடைகள் மதி கலங்கித் தள்ளாடியதை ஆராய்ந்தவர்கள் 1979ஆம் ஆண்டு இதைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்க மேய்ச்சல் வெளிகளில் குதிரைகளைப் பைத்தியமாக்கும் செடிகளிலும் இதே பொருள் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. மொசாம்பிக் நாட்டு ஆடுகளில் ஐப்போமியா கார்னியா உண்டாக்கும் நோயின் தன்மையை 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கிற்று. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், கழிவாகிப்போன பொருள்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்த உதவும் ஒரு சிறு அறை உண்டு. அங்கே சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கும் நொதி ஒன்றை ஸ்வைன்சோனின் முடக்கிவிடுகிறது. அறுபடாத சர்க்கரைப் பொருள் நாளுக்கு நாள் குவிந்து, உயிரணு வீங்கிக் குமிழ் குமிழாகிவிடுகிறது. எல்லா உறுப்புகளிலும் இது நிகழ்ந்தாலும், உடலின் நிலையைக் காக்கும் சிறுமூளையில் நிகழ்வதே விபரீதம். செடியில் உள்ள கேலிஸ்டெஜின் என்னும் வேறு சில பொருள்களும் இதற்குத் துணை செய்யக்கூடும்.

இதில் வியக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. ஸ்வைன்சோனினைச் செடி தானே உற்பத்தி செய்வதில்லை. செடியின் உடலில் வெளியே தெரியாமல் குடியிருந்து, விதை வழியாகச் சந்ததிக்குச் சந்ததி செல்லும் ஒரு பூஞ்சைதான் அதை உண்டாக்குகிறது என்று 2013ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பூஞ்சைக்கொல்லியில் நனைத்த விதையிலிருந்து எழுந்த செடியில் அவ்விஷம் இல்லை. செடி பூஞ்சைக்கு இடம் தருகிறது. பூஞ்சை செடிக்குக் காவல் தருகிறது.

ஆட்டிடம் கவனிக்கவேண்டிய அறிகுறிகளை இங்கே சற்று விரிவாகச் சொல்வது கடமை. முதலில் ஆடு சுறுசுறுப்பு இழந்து மந்தையின் பின்னால் தங்கும். மயிர் பளபளப்பு நீங்கிச் சிலிர்த்து நிற்கும். தீனி குறையாவிட்டாலும் உடல் மெலியும். பிறகு தலை நடுங்கத் தொடங்கும். பின்னங்கால் அகன்று, நடை கோணும். திடீரென்று விரட்டினாலோ, தலையை மேலே தூக்கிப் பிடித்துவிட்டாலோ நிலை தவறிச் சாயும். முற்றிய நிலையில் எழுந்திருக்க முடியாது. சினையாடு குட்டியை வீசிவிடலாம், அல்லது ஈன்ற குட்டி நிற்கவும் பலமின்றி இருக்கலாம். தாய்ப்பாலின் வழியாகவும் விஷம் இறங்குகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. தொடக்கத்திலேயே செடியிலிருந்து பிரித்து நல்ல தீவனம் கொடுத்தால் பெரும்பாலும் தேறும். சிறுமூளையின் உயிரணுக்கள் அழிந்துபோன பிறகு பிரித்தால் நடுக்கம் ஆயுள் முழுவதும் நிற்கும். தஞ்சை செல்லும் சாலையில் ஒரத்தநாட்டிலேயே 2012ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தலைநடுக்கமுள்ள ஆட்டைக் கொண்டுசெல்வோர், அது எந்த வாய்க்கால் கரையில் மேய்ந்தது என்பதையும் மருத்துவரிடம் சொன்னால் நோய்நிர்ணயம் பாதி முடிந்ததாகும்.

ஆடுகள் சாதாரணமாக இச்செடியை விரும்புவதில்லை. வேறு பச்சை இல்லாத காலத்திலேயே வாய் வைக்கின்றன. அந்தக் காலம் நம் டெல்டாவில் எது? மாசி முதல் வைகாசி வரை. சம்பா அறுவடை முடிந்து, வயல்கள் தாளோடு காய்ந்து, வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் பசேலென்று நிற்கும் கோடை. அதே கோடையில்தான் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் தங்கள் செம்மறி மந்தைகளோடு வந்து, இரவில் வயலில் கிடை போட்டு, பகலில் வாய்க்கால் ஓரமாக மேய்த்துக்கொண்டு ஊர் ஊராக நகர்கிறார்கள். நிலத்துக்கு எருவைத் தரும் அந்த ஜீவன்களுக்கு நம் வாய்க்கால் கரைகள் தருவது விஷமாக இருக்கலாகாது. மேலும், ஒருமுறை தின்னப் பழகிய ஆடு, வேறு தீனி கிடைத்த பிறகும் அதையே தேடிச் செல்கிறது; மந்தையில் மற்ற ஆடுகளும் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கின்றன என்று பிரேசில் நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே பழகிய ஆட்டை உடனே மந்தையிலிருந்து பிரித்துக் கட்டிவைப்பதே மற்றவற்றைக் காக்கும் உபாயம்.

ஆட்டுக்குச் செய்யும் தீங்கு பெரிதேயானாலும், நீருக்குச் செய்யும் தீங்கு அதனினும் பெரிது. தண்டு சாய்ந்து சேற்றைத் தொட்ட இடத்தில் எல்லாம் கணுவில் வேர் இறங்குகிறது. கரையோரத்தில் தொடங்கிய புதர் ஒவ்வோர் ஆண்டும் உள்ளே நகர்ந்து, வண்டலைப் பிடித்து, அந்த வண்டலின்மேல் மறுபடி வளர்ந்து, இருபதடி அகலமான வாய்க்காலை ஆறடி ஓடையாக ஆக்கிவிடுகிறது. மதகு வாயில் வெங்காயத்தாமரையும் குப்பையும் இதன் கிளைகளில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. பாசன வாய்க்காலில் இது நேர்ந்தால் பயிர் காய்கிறது. வடிகாலில் நேர்ந்தால் ஐப்பசி கார்த்திகையில் பயிர் மூழ்குகிறது. வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும்போது, நசுவினி ஆறு முதலிய வடிகால்கள் வழியாகக் கடலுக்குப் போகவேண்டிய வெள்ளம் புதர்களில் முட்டித் திரும்பி, சம்பாப் பயிரின்மேல் நாள்கணக்கில் நிற்கிறது. ஒரே செடி ஒரே ஊரில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணமாகும் இந்தக் கொடுமையைக் கடைமடையில் இருப்பவர்களே முழுமையாக அனுபவிக்கிறார்கள்.

தூர்வாருதல் நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. ஆற்று நீர் திறக்கும் முன் ஆண்டுதோறும் அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. 2017ஆம் ஆண்டு குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டமும் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லும்போது, ஊரார் கூடி வாய்க்கால் வெட்டும் வழக்கம் தளர்ந்துவிட்டதைக் கண்டு 1858ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசாங்கம் அதைச் சட்டத்தினால் கட்டாயப்படுத்த முயன்றதும் நினைவுக்கு வருகிறது. ஆனால் வண்டலுக்குச் செய்யும் வைத்தியத்தையே இந்தச் செடிக்கும் செய்வதால்தான் நாம் தோற்கிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம். பொக்லைன் இயந்திரம் புதரைச் சிதைத்து அள்ளிக் கரையின் சரிவிலேயே கொட்டுகிறது. சிதைந்த ஒவ்வொரு துண்டிலும் கணு இருக்கிறது. கணு ஒவ்வொன்றும் ஒரு நாற்று. அடுத்த மழையில் கரையின் மேலும் கீழும் புதுத் தளிர் எழுகிறது; நீரில் விழுந்த துண்டுகள் மிதந்து சென்று கீழேயுள்ள ஊரில் கரையேறுகின்றன. நாம் தூர்வாரியதாக நினைக்கிறோம். உண்மையில் நடவு செய்திருக்கிறோம்.

ஆகையால் இதை அகற்றும் முறை வேறு. மதகு அடைத்த பிறகு படுகை நடக்கத் தக்கதாகக் காய்ந்ததும், பங்குனிக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். மே மாதக் கடைசியில் அவசர அவசரமாகத் தொடங்கினால், எடுத்த செடி உலர்வதற்குள் தண்ணீர் வந்துவிடும். மண்வெட்டியாலோ கடப்பாரையாலோ வேர்த்தூரோடு பெயர்க்க வேண்டும்; தரையோடு வெட்டிவிட்டால் தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும். இயந்திரத்தைப் பயன்படுத்தினால், பின்னாலேயே ஆட்கள் நடந்து துண்டுகளைப் பொறுக்க வேண்டும். பெயர்த்ததைச் சரிவில் போடாமல், கரைக்கு அப்பால் மேட்டில், ஈரமில்லாத தரையில் பரப்பி, தண்டு ஒடித்தால் படீரென்று முறியும்வரை காயவிட்டு எரிக்க வேண்டும். வேலை செய்பவர்கள் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும், சாப்பாட்டுக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் நலம். உலரும் குவியலை ஆடு அணுகாதபடி முள் வைத்து மறிக்கவும் வேண்டும். வேறு தீனியில்லாத கோடையில் வாடிய இலைக்கும் அது வாய் நீட்டும்.

மருந்து தெளித்தால் எளிதல்லவா என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2,4-டி என்னும் களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொல்லக்கூடியது. ஆனால் மாசி மாதத்தில் வாய்க்காலின் இருபுறமும் தரிசில் நிற்பது உளுந்தும் பயறும், அவையும் அகன்ற இலைப் பயிர்களே. காற்றில் சாரல் அடித்தால் களைக்கு முன்னே உளுந்து சுருண்டுவிடும். கிளைபோசேட் என்னும் மற்றொரு களைக்கொல்லியைத் தெளிப்பதைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலமே செய்யவேண்டும் என்று 2022ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு வரையறுத்தது. ஆடு மாடு குடிப்பதும், மக்கள் குளிப்பதும், மீன் வளர்வதுமான நீர்வழியில் மருந்தைக் கடைசி உபாயமாகக்கூட நினைக்கத் தயங்கவேண்டும் என்பேன்.

பூச்சியை ஏவிக் களையை அடக்கும் மார்க்கமும் உண்டு. பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்று மெக்சிகோவிலிருந்து தருவித்த வண்டை 1984ஆம் ஆண்டு பெங்களூரில் விட்டார்கள். அது பல இடங்களில் பயன் தந்திருக்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கின் இலையைச் சல்லடையாக்கும் ஆமை வண்டுகள் நம் நாட்டிலேயே உள்ளன. ஆனால் அவற்றுக்குச் சர்க்கரைவள்ளியும் ருசியான உணவே. இந்தக் களையை மட்டும் தின்று, அதன் உறவினரான கிழங்கையும் கீரையையும் தொடாத பூச்சி ஒன்று கிடைத்தாலொழிய அந்த வழி நமக்கு ஆபத்து.

சிலர் இச்செடியின் பயன்களை எடுத்துரைப்பார்கள். இலையை நொச்சி, ஆடாதொடை, வேம்போடு சேர்த்து ஊறவைத்துப் பூச்சிவிரட்டி தயாரிக்கிறார்கள். தழையை வயலில் மிதிக்கிறார்கள். காய்ந்த தண்டு அடுப்பெரிக்கிறது. இவை மெய்யே. அகற்றும்போது கிடைப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பயனுக்காக வளர விடலாகாது. வயலுக்குத் தழை வேண்டுவோர் இலையை மட்டும் உருவிப் போடவேண்டும். தண்டோடு மிதித்தால் வயலே வாய்க்காலாகிவிடும்.

கரையைப் பிடித்து நிறுத்துகிறதே என்ற வாதம் மட்டும் சிந்தனைக்குரியது. மணற்பாங்கான கரைகளில் அடர்ந்த எந்தச் செடியின் வேரும் மண்ணைப் பிடிக்கத்தான் செய்யும்; அதை முற்றிலும் பெயர்த்துவிட்டு வெறுங்கரையாக விட்டால் முதல் வெள்ளத்தில் கரை கரையும், கரையாவிட்டால் பழைய செடியே மீண்டும் குடியேறும். ஆகையால் அகற்றிய இடத்தில் அந்தப் பருவத்திலேயே வேறு வேர் இறங்க வேண்டும். வெட்டிவேரும், நாணலும், கரைமேட்டில் நொச்சியும் புங்கும் பனையும் காவிரிக் கரைகளில் தலைமுறைகளாக இந்தப் பணியைச் செய்தவை. 2022ஆம் ஆண்டு தமிழக அரசு அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கென்று கொள்கை ஒன்றை வெளியிட்டது. அகற்றுவதோடு மீட்பதையும் இணைத்துச் சொன்ன அந்தக் கருத்து வனங்களுக்கு எவ்வளவு பொருந்துமோ, வாய்க்கால் கரைகளுக்கும் அவ்வளவு பொருந்தும். சீமைக்கருவேலத்துக்கு எதிராக 2017ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டபோது தமிழ்நாடு முழுவதும் அரிவாளும் இயந்திரமும் எழுந்தன. அந்த உற்சாகத்தில் ஒரு பங்கு இந்தச் செடிக்கும் உரியது.

எல்லாவற்றிலும் முக்கியமானது வரிசை. கடைமடை ஊர் தன் எல்லைக்குள் எவ்வளவு சிரத்தையோடு சுத்தம் செய்தாலும், மேலே இருக்கும் ஊர் செய்யாவிட்டால், ஆடி மாதத்துப் புதுத் தண்ணீரோடு துண்டுகளும் விதைகளும் வந்து இறங்கிவிடும். பட்டுக்கோட்டைக்கு வரும் கிளை வாய்க்கால்களில் வேலை தலைப்பு மதகில் தொடங்கிக் கீழ்நோக்கி நகரவேண்டுமே தவிர, எந்த ஊராட்சிக்கு முதலில் பணம் வந்ததோ அங்கே தொடங்குவது வீண் செலவு. ஒரு முறையோடு அது முடிவதும் இல்லை. முதல் தண்ணீர் வந்து இரண்டு வாரத்தில் மிதந்து ஒதுங்கிய துண்டுகளைப் பொறுக்க வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் எழுந்த தளிர்களை ஈரத்திலேயே கையால் பிடுங்கிவிட வேண்டும், அப்போது அது ஒரு சிறுவனும் செய்யக்கூடிய வேலை. தை மாதத்தில் மதகு அடைத்ததும் மறுபடி ஒரு நடை பார்க்கவேண்டும். இப்படி மூன்று ஆண்டு விடாமல் செய்தால் தூர்களும் மண்ணில் கிடக்கும் விதைகளும் பெருமளவு தீர்ந்துவிடும்.

மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், தூர்வாரும் வேலை எப்போது என்று மட்டும் கேட்பது இனிப் போதாது. ஒப்பந்தத்தில் பெயர்த்த செடியைக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் உலர்த்தி எரிக்கும் கூலி சேர்ந்திருக்கிறதா, பொறுக்கும் ஆட்களுக்கு இடம் இருக்கிறதா, கரையில் நடும் செடிக்கு வகை இருக்கிறதா, இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கும் அதே ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்கிறாரா, ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தலைப்பு மதகில் வேலை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்ற கேள்விகளைப் பட்டுக்கோட்டை, பேராவூரணி விவசாயிகள் மாசி மாதக் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.